கவிதையில் போர்க்களமே வராத போர்க் கவிஞர்: எட்வர்ட் தாமஸை எப்படி வாசிப்பது?

நெய்தல்வாசகி எழுதியது:

முதல் உலகப் போர்க் காலத்து ஆங்கிலக் கவிஞர்களை ஒவ்வொருவராக வாசித்துக்கொண்டு வருகிறேன். வில்ஃப்ரெட் ஓவன், சீக்ஃபிரைட் சசூன், ஐசக் ரோசன்பர்க் மூன்று பேரிடமும் எனக்கு எந்தத் தடையும் வரவில்லை. பதுங்குகுழி, சேறு, நச்சுப்புகை, எலி, செத்துக் கிடக்கிற பையன்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கோபமும் இருக்கிறது, எதற்காக எழுதினார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் எல்லாத் தொகுப்பிலும் இவர்களோடு சேர்த்து எட்வர்ட் தாமஸையும் வைக்கிறார்கள், அங்கேதான் நிற்கிறேன். ஒரு கவிதையில் ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நிற்கிறது, ஒரு பறவை பாடுகிறது, அவ்வளவுதான். இன்னொன்றில் செர்ரி மரம் பூ உதிர்க்கிறது. இன்னொன்றில் குளிரில் நடந்து வந்தவர் விடுதியில் படுத்தபடி ஆந்தை கத்துவதைக் கேட்கிறார். துப்பாக்கிச் சத்தம் எங்கேயும் இல்லை.

1917இல் பிரான்சில் ஆராஸ் போரில் செத்துப்போனார் என்பதற்காக மட்டும்தான் இவரைப் போர்க் கவிஞர் என்கிறார்களா? அல்லது வேறு மாதிரி வாசிக்க வேண்டுமா? கவிதை பிடிக்காமல் கேட்கவில்லை, பிடித்திருக்கிறது. ஆனால் எதனால் பிடித்திருக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

---

கரம்பைமண் எழுதியது:

முதலில் ஒரு தகவல். நீங்கள் தேடுகிற துப்பாக்கிச் சத்தம் ஏன் இல்லை என்பதற்கு நேரடியான காரணமே உண்டு. தாமஸ் தன் கவிதைகளையெல்லாம் இங்கிலாந்தில் இருந்துகொண்டே எழுதினார். 1914 டிசம்பரில் ஆரம்பித்து 1917 ஜனவரியில் முடித்துவிட்டார், இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல், அதற்குள் 140க்கும் மேற்பட்ட கவிதைகள். அதற்கு முன்னால் கவிஞராக அவர் இல்லவே இல்லை, உரைநடை எழுதிப் பிழைத்தவர். ஜனவரிக் கடைசியில் பிரான்ஸ் போனார், ஏப்ரல் 9ஆம் தேதி, ஈஸ்டர் திங்கட்கிழமை, தாக்குதல் தொடங்கிய முதல் நாளே இறந்துவிட்டார். வயது 39. களத்தில் டைரி எழுதினார், கவிதை எழுதவில்லை. ஆகவே ஓவனிடம் தேடுவதை இவரிடம் தேடினால் கிடைக்காது.

அப்படியானால் போர் எங்கே இருக்கிறது? என் வாசிப்பில், ஊரில் இருக்கிறது. ஆட்கள் போய்விட்ட ஊரில், செய்ய ஆளில்லாமல் கிடக்கிற வேலைகளில். இதை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் ‘அஸ் த டீம்ஸ் ஹெட்-பிராஸ்’ கவிதையை எடுங்கள், 1916 மே மாதம் எழுதியது. தலைப்பு உழவுக் குதிரைகளின் தலையில் மின்னும் பித்தளைப் பட்டத்தைச் சொல்கிறது.

கவிதைசொல்லி, பனிப்புயலில் சாய்ந்து கிடக்கிற ஒரு எல்ம் மரத்தின் கிளையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒருவர் இரண்டு குதிரைகளைப் பூட்டிக் கரம்பு நிலத்தை உழுகிறார். ஒரு காதல் ஜோடி காட்டுக்குள் போகிறது. உழவர் சால் ஓட்டி மரத்தடிக்கு வந்து திரும்பும்போதெல்லாம் கைப்பிடியில் சாய்ந்து நின்று ஒரு நிமிஷம் பேசுவார், அப்புறம் போய்விடுவார், திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆகும். ஆகவே பேச்சு துண்டு துண்டாக நடக்கிறது. முதலில் மழை வெயில் பற்றி, அப்புறம் போர் பற்றி. இந்த மரத்தை எப்போது எடுப்பார்கள் என்று இவர் கேட்கிறார். போர் முடிந்ததும் என்கிறார் அவர். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று உழவர் கேட்கிறார். இல்லை. போக விருப்பமில்லையோ? திரும்பி வருவது நிச்சயமென்றால் போவேன், ஒரு கையைக்கூடக் கொடுத்துவிடலாம், காலை இழக்க விருப்பமில்லை, தலையே போய்விட்டால் அப்புறம் எதுவும் தேவைப்படாது என்கிறார் இவர். இங்கிருந்து நிறையப் பேர் போனார்களா? போனார்கள். செத்தவர்கள்? கணிசமாகவே உண்டு. இந்த வருஷம் பண்ணையில் இரண்டு ஜோடிக் குதிரைதான் உழவில் இருக்கிறது. கூட வேலை பார்த்தவன் ஒருவன் செத்துவிட்டான், பிரான்ஸ் போன இரண்டாம் நாளே, அந்தப் பனிப்புயல் அடித்த அதே ராத்திரி. அவன் இருந்திருந்தால் இந்த மரத்தை நாங்கள் நகர்த்தியிருப்போம்.

இந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். நண்பனின் சாவைப் பற்றி அந்த உழவர் சொல்வதெல்லாம் இந்த அளவுதான். அழுகை இல்லை, வீர மரணம் என்ற பேச்சு இல்லை. மரத்தை நகர்த்த இரண்டு பேர் வேண்டும், ஒரு ஆள் குறைகிறது, மரம் கிடக்கிறது. அந்த மரம் கிடப்பதால்தான் இவருக்கு உட்கார இடம், இந்தப் பேச்சும் அதனால்தான் நடக்கிறது. இவர் அதைச் சொல்லவும் செய்கிறார்: நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன், எல்லாமே வேறாக இருந்திருக்கும், அது வேறு உலகமாக இருந்திருக்கும். உழவர் அதற்கு, ஆமாம், இதைவிட நல்ல உலகம் என்கிறார், ஆனாலும் முழுசாகப் பார்க்க முடிந்தால் எல்லாமே நல்லதாகத் தோன்றலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஜோடி காட்டிலிருந்து வெளியே வருகிறது, குதிரைகள் கிளம்புகின்றன, மண்கட்டிகள் கொழுவுக்குப் பின்னால் உடைந்து புரள்வதைக் கடைசி முறையாகப் பார்த்தேன் என்று கவிதை முடிகிறது.

கடைசி முறையாக என்பது அன்றைக்குக் கடைசி முறையா, வாழ்க்கையில் கடைசி முறையா என்று கவிதை சொல்லாது. இதை எழுதும்போது தாமஸ் படையில் சேர்ந்து பத்து மாதம் ஆகிவிட்டது, முகாமில் வரைபடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கவிதையில் வருகிற ஆள் அதை உழவரிடம் வெளியே விடவே இல்லை.

இதை ஒருமுறை பார்த்துவிட்டால் மற்ற கவிதைகள் தானாகத் திறக்கும். ‘செர்ரி மரங்கள்’ நாலே வரி. பழைய சாலையில் கல்யாணத்துக்குத் தூவுவதைப் போலப் பூ உதிர்கிறது, மே மாதக் காலை, கல்யாணம் செய்துகொள்ள ஆள் இல்லை, அந்தச் சாலையில் நடந்தவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள். ‘இன் மெமோரியம், ஈஸ்டர் 1915’ கவிதையும் நாலு வரி, ஒரே வாக்கியம். காட்டில் சாயங்காலம் பூ பறிக்கப்படாமல் அடர்ந்து கிடக்கிறது, பறித்திருக்க வேண்டிய பையன்கள் ஊரில் இல்லை, இனிமேல் பறிக்கப் போவதும் இல்லை. பூ நிறைய இருப்பதே இங்கே இழப்புக் கணக்கு. சாவை இப்படிக் காட்டிய இன்னொரு கவிஞரை அந்தத் தலைமுறையில் நான் வாசித்ததில்லை.

---

இரவுரயில் எழுதியது:

நீங்கள் சொன்ன ரயில் கவிதை ‘அட்ல்ஸ்ட்ராப்’. ஒரு தேதி தெரிந்தால் அது வேறு கவிதையாகிவிடும். அவர் போன ரயில் அந்த ஊரில் நின்றது 1914 ஜூன் 24. நாலு நாள் கழித்து, ஜூன் 28ஆம் தேதி சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டார்கள், போர் அதிலிருந்துதான் மூண்டது. கவிதை எழுதியது 1915 ஜனவரியில், போர் ஆரம்பித்து ஐந்து மாதம் ஆனபிறகு. நீராவி சீறுகிறது, யாரோ தொண்டையைச் செருமுகிறார், பிளாட்பாரத்தில் யாரும் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை, வில்லோ மரமும் புல்லும் வைக்கோல் குவியலும், ஒரு கரும்பறவை பாட அதற்குப் பின்னால் இரண்டு மாவட்டப் பறவைகளும் சேர்ந்துகொள்கின்றன. அந்த ஒரு நிமிஷத்தில் இருந்த இங்கிலாந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் நினைத்துப் பார்க்கும்போது இல்லை. கவிதைக்குள் இது எதுவும் வராது. அச்சில் வந்தது 1917 ஏப்ரல் கடைசியில், அவர் இறந்து மூன்று வாரம் கழித்து. அந்த ஸ்டேஷனை 1966இல் மூடிவிட்டார்கள், பெயர்ப் பலகையை மட்டும் எடுத்து ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

---

மேற்குமழை எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். எல்லாவற்றையும் போரில் கொண்டுபோய்ச் சேர்த்தால் தாமஸ் சுருங்கிப்போவார். அவருக்கு மனச்சோர்வு கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. சீக்கிரம் கல்யாணம், மூன்று பிள்ளைகள், காசுக்காக வாரம் தவறாமல் புத்தக மதிப்புரைகள், பயண நூல்கள், வாழ்க்கை வரலாறுகள் என்று எழுதித் தள்ளினார், ஒரு புத்தகம் முடியும் முன்பே அடுத்ததற்கு முன்பணம் வாங்கியாக வேண்டும். தனிமை, எதிலும் ஒட்டாத மனசு, எதையோ தேடிப் பாதியில் நின்றுபோவது எல்லாம் போருக்கு முன்பே அவரிடம் இருந்தவை. ‘ஓல்ட் மேன்’ என்ற கவிதையைப் பாருங்கள், வாசலில் வளர்ந்த ஒரு மூலிகைச் செடியின் இலையைக் கசக்கி முகர்ந்து, அந்த வாசனை எதை நினைவுபடுத்துகிறது என்று தேடித் தேடிக் கிடைக்காமல் நிற்கிறார். அதில் போருக்கு என்ன வேலை?

அவரைக் கவிஞராக்கியதும் போர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ராபர்ட் ஃப்ராஸ்ட் என்றுதான் சொல்வேன். ஃப்ராஸ்ட் அப்போது அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளாத கவிஞர், 1912இல் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்திருந்தார். 1913 அக்டோபரில் இருவரும் சந்திக்கிறார்கள். ஃப்ராஸ்டின் இரண்டாம் தொகுப்பு லண்டனில் வந்தபோது அது எப்படிப்பட்ட புத்தகம் என்று சரியாகப் பிடித்து எழுதியவர்களில் தாமஸ் முக்கியமானவர். 1914 கோடையில் க்ளாஸ்டர்ஷையரில் டைமாக் என்ற ஊர்ப்பக்கம் இருவரும் நாள்கணக்கில் வயல்வெளியில் நடந்தார்கள். தாமஸ் லண்டனிலிருந்து மேற்கே சைக்கிளில் போய் வசந்தத்தைத் தேடிய கதையை ‘இன் பர்சூட் ஆஃப் ஸ்பிரிங்’ என்று உரைநடையில் எழுதியிருந்தார், ஃப்ராஸ்ட் அதைக் காட்டித்தான் நீ எழுதுவது கவிதைதான், இதே பேச்சு நடையில் வரியாக உடைத்து எழுது என்றார். பேசுகிற குரல் கெடாமல் யாப்புக்குள் நிற்பது எப்படி என்பதுதான் இருவருக்குமே பெரிய கவலை. உழவரோடு நடக்கிற அந்தப் பேச்சு அவ்வளவு இயல்பாக வருகிறதே, அது அங்கே பழகிய கைதான்.

ஃப்ராஸ்டின் ‘த ரோட் நாட் டேக்கன்’ (போகாத பாதை) எல்லாருக்கும் தெரியும், அதன் முளையே தாமஸ்தான். இந்தப் பாதையில் போயிருந்தால் அந்த அபூர்வச் செடியைக் காட்டியிருக்கலாமே என்று நடந்து முடித்தபிறகு வருத்தப்படுவது தாமஸின் வழக்கம். ஃப்ராஸ்ட் அதைச் சீண்டி எழுதி 1915இல் அனுப்பினார், தாமஸுக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

---

நெய்தல்வாசகி எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. உழவர் கவிதையை இன்றைக்கே இரண்டு தடவை படித்துவிட்டேன், மரத்தை நகர்த்தியிருப்போம் என்ற இடம் தொண்டையை அடைத்துவிட்டது.

இரண்டு கேள்வி இன்னும் இருக்கிறது. 37 வயதில், மூன்று பிள்ளைகளோடு, யாரும் கட்டாயப்படுத்தாமல் அவர் ஏன் படையில் சேர்ந்தார்? கவிஞர் ரூபர்ட் புரூக் மாதிரி தேசத்துக்காகச் சாவது அழகு என்று நம்புகிற ஆளாக இவர் தெரியவில்லையே. அப்புறம், மேற்குமழை சொல்வது எனக்கும் உறைக்கிறது. ‘மழை’ கவிதையைப் படித்தால் சாவை விரும்புகிற ஒருவரின் குரல்தான் கேட்கிறது, முகாமில் எழுதினார் என்பதைத் தவிரப் போர் அதில் எங்கே?

---

கரம்பைமண் எழுதியது:

அவர் சேர்ந்தது 1915 ஜூலை. கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் 1916 ஜனவரியில்தான் வந்தது, வந்த பிறகும் கல்யாணமான ஆட்களை முதலில் தொடவில்லை. ஃப்ராஸ்ட் அமெரிக்கா திரும்பிவிட்டார், குடும்பத்தோடு வந்துவிடு, பக்கத்தில் பண்ணை வைத்து இருக்கலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதையும் விட்டுவிட்டுத்தான் சேர்ந்தார்.

காரணம் ஒன்றே ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1914 நவம்பரில் இருவரும் டைமாக் பக்கம் நடந்தபோது ஒரு காட்டுக் காவல்காரன் துப்பாக்கியோடு மறித்தான், ஃப்ராஸ்ட் எதிர்த்து நின்றார், தாமஸ் பின்வாங்கினார். அந்த வெட்கம் அவரை நெடுநாள் விடவில்லை. இன்னொரு பக்கம், செய்தித்தாள் தேசபக்தி அவருக்கு ஆகவே ஆகாது. ஜெர்மானியர்களைக் கண்டபடி திட்டிய அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு ‘திஸ் இஸ் நோ கேஸ் ஆஃப் பெட்டி ரைட் ஆர் ராங்’ கவிதையை எழுதினார், அதில் நான் ஜெர்மானியரை வெறுக்கவில்லை, செய்தித்தாள்களை மகிழ்விக்க ஆங்கிலேயர்மேல் அன்பு பொங்கவும் இல்லை என்று நேராகவே சொல்கிறார். அதே கவிதை இங்கிலாந்தைக் காப்பாற்று என்ற வேண்டுதலில் போய் முடிகிறது. அந்த முடிவு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, முன்பாதியில் இருக்கிற உறுதி அங்கே இல்லை. இதைவிட, எதற்காகச் சண்டைக்குப் போகிறீர்கள் என்று தோழி எலினர் ஃபார்ஜன் கேட்டபோது தாமஸ் செய்ததாக ஃபார்ஜன் எழுதி வைத்திருப்பதுதான் எனக்குத் தாமஸாகப் படுகிறது: குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலுக்கிடையே நொறுக்கி, இதோ இதற்காகத்தான் என்றாராம். கொடிக்காக, மன்னருக்காக என்று சொல்லவில்லை.

‘மழை’யைப் பற்றி மேற்குமழைதான் சொல்ல வேண்டும்.

---

மேற்குமழை எழுதியது:

சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு கவிதையில் நான் கரம்பைமண் பக்கம் வந்துவிடுகிறேன்.

‘மழை’ 1916 ஜனவரியில் எஸெக்ஸ் முகாமில் எழுதியது. ஆனால் அதன் மூலம் போருக்கு முன்பே இருக்கிறது. 1913இல் வந்த ‘த இக்னீல்ட் வே’ என்ற பயண நூலில், ராத்திரி படுத்துக்கொண்டு மழைச் சத்தத்தைக் கேட்கிற ஒரு நீண்ட பகுதி உண்டு. அதே இருட்டு, அதே தனிமை, மழை நனைக்கிற பிணங்கள் பாக்கியம் செய்தவை என்ற அதே பழமொழியும் அங்கே இருக்கிறது. அதில் இருப்பது ஒரே ஒரு மனிதனின் துயரம். அவனையும் மழையையும் தவிர உலகத்தில் யாரும் இல்லை.

மூன்று வருடம் கழித்து அதையே கவிதையாக்கும்போது நடுவில் ஒரு வேண்டுதல் வந்து நுழைகிறது. நான் ஒருகாலத்தில் நேசித்தவர்கள் யாரும் இந்த ராத்திரி செத்துக்கொண்டிருக்கக் கூடாது, என்னைப்போலத் தனியாக விழித்துக் கிடந்து இந்த மழையைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது என்கிறார். உடனே அடுத்து, உயிரோடு இருப்பவர்களுக்கும் செத்தவர்களுக்கும் நடுவில் எதுவும் செய்ய முடியாமல் இருப்பது பற்றி வருகிறது, உடைந்த நாணல்களுக்கு நடுவே குளிர்ந்த நீர் கிடப்பதைப் போல என்கிறார். எண்ணிலடங்காத நாணல்கள், எல்லாம் அசையாமல் விறைத்துக் கிடக்கின்றன. போர்க்கால இங்கிலாந்தில் அந்த வரியைப் படிப்பவர்களுக்கு அவை என்ன என்று யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. உரைநடையில் தன்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஆள், கவிதையில் அந்த மழை வேறு யார் யார்மேல் பெய்கிறது என்று யோசிக்கிறார். கடைசியில் மறுபடியும் சாவின் மீதான ஆசைக்குத்தான் திரும்புகிறார், அதனால் நீங்கள் கேட்ட குரல் பொய் இல்லை. ஆனால் அந்த நடுப்பகுதியைப் போர்தான் கொண்டுவந்தது, அதை என்னால் மறுக்க முடியாது.

‘ஆந்தை’யையும் இதோடு சேர்த்துப் படியுங்கள், அது ஒரு வருடம் முந்தியது, இன்னும் எளிமையானது. பசி, குளிர், களைப்பு மூன்றும் தீர்ந்து விடுதியில் படுத்தபிறகு ஆந்தை கத்துகிறது. நான் எதிலிருந்து தப்பித்தேன், அந்த ராத்திரி மற்றவர்கள் எதிலிருந்து தப்பிக்கவில்லை என்று அந்தக் கத்தல் சொல்கிறது. வெட்டவெளியில் கிடக்கிற சிப்பாய்களையும் ஏழைகளையும் ஒரே மூச்சில் சொல்கிறார். ஏழைகளைச் சேர்த்ததுதான் எனக்கு அந்தக் கவிதையில் பெரிய விஷயம். சாலையோரம் படுப்பவர்களை அவர் போருக்கு முன்பே தன் நடைகளில் பார்த்துக்கொண்டே இருந்தவர்.

---

இரவுரயில் எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இந்தக் கவிதைகளை அவர் எட்வர்ட் ஈஸ்டவே என்ற புனைபெயரில்தான் பத்திரிகைகளுக்கு அனுப்பினார், மதிப்புரையாளர் தாமஸ் என்ற பெயருக்காகப் போட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். நிறைய திருப்பி அனுப்பப்பட்டன. முதல் தொகுப்பு 1917இல் ஃப்ராஸ்டுக்குச் சமர்ப்பணமாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1985இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் முதல் உலகப் போர்க் கவிஞர்கள் 16 பேருக்கு ஒரே கல் வைத்தார்கள், அதில் ஓவன், சசூன், ரோசன்பர்க் பெயர்களோடு தாமஸும் இருக்கிறார்.

நெய்தல்வாசகி, அடுத்து ‘எ பிரைவேட்’ படியுங்கள். உயிரோடு இருந்தபோது உறைபனி ராத்திரியில்கூட வெளியே புதரடியில் படுத்து, எந்தப் புதர் என்று யாருக்கும் சொல்லாமலே இருந்த ஒரு உழவன், இப்போது பிரான்சில் எங்கே கிடக்கிறான் என்பதையும் சொல்லாமல் வைத்திருக்கிறான். எட்டே வரி. கரம்பைமண் சொன்ன உழவர் கவிதைக்கு ஒரு வருடத்துக்கும் முந்தியது, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.